பிரேக் பிடித்த பேருந்து பின்னால் வருமா? சீரான முடுக்கக் கணக்குகளில் ஒரு சந்தேகம்

உசிலம்பட்டி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பள்ளிக்குச் சென்று, பதினோராம் வகுப்பைத் தமிழ் வழியில் படித்து வருகிறேன். இயக்கவியல் பாடத்தில் வரும் மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் தடுமாறுகிறேன். சமன்பாடு சரி, எண் சரி, பெருக்கலும் சரி என்று மூன்று முறை பார்த்த பிறகும் விடை தவறாக வருவதுதான் பெரிய வருத்தமாக இருக்கிறது. கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சித் தாளில் அப்படித் தவறிய மூன்று கணக்குகளைக் கீழே தருகிறேன். கைப்பேசியில் எழுதுவதால் காலத்தைக் 'கா' என்றே குறித்துக்கொள்கிறேன்.

முதல் கணக்கு: நான்கு வழிச்சாலையில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். பேருந்து 2 மீ/வி² என்ற சீரான எதிர்முடுக்கம் பெறுகிறது. பிரேக் பிடித்த நொடியிலிருந்து 15 வினாடிகளில் பேருந்து கடக்கும் தொலைவு எவ்வளவு? மணிக்கு 72 கி.மீ. என்பதை 5/18 ஆல் பெருக்கி 20 மீ/வி என்று மாற்றிக்கொண்டேன். இரண்டாவது சமன்பாட்டில் (இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × கா + ½ × முடுக்கம் × கா²) இட்டால் 20 × 15 − ½ × 2 × 225 = 300 − 225 = 75 மீட்டர் வருகிறது. விடைக்குறிப்பில் 100 மீட்டர் என்று இருக்கிறது.

இரண்டாவது கணக்கு: கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு கல் செங்குத்தாக மேல்நோக்கி 10 மீ/வி திசைவேகத்தில் எறியப்படுகிறது. தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து 15 மீட்டர் கீழே இருக்கிறது. கல் தண்ணீரைத் தொட எவ்வளவு நேரமாகும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்க. நான் 15 = 10 × கா − 5 × கா² என்று எழுதி, கா² − 2 × கா + 3 = 0 என்று சுருக்கினேன். இதைத் தீர்க்கப் போனால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து நின்றுவிடுகிறது. எங்கள் தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில் கல் எறிந்தால் அது எப்படியும் தண்ணீரில் விழத்தானே செய்கிறது?

மூன்றாவது கணக்கு: ஒரு நிலையத்திலிருந்து புறப்படும் ரயில் 0.5 மீ/வி² முடுக்கத்தில் 20 மீ/வி வேகத்தை அடைந்து, அதே வேகத்தில் சிறிது நேரம் ஓடி, பிறகு 0.4 மீ/வி² எதிர்முடுக்கத்துடன் 4.5 கி.மீ. தொலைவிலுள்ள அடுத்த நிலையத்தில் நிற்கிறது. மொத்த நேரம் என்ன? இரண்டு முடுக்கங்கள் இருப்பதால் +0.5, −0.4 ஆகியவற்றின் சராசரியாக 0.05 மீ/வி² எடுத்துக்கொண்டேன். 424 வினாடிகள் வந்தன. விடைக்குறிப்பில் 270 வினாடிகள்.

என் தவறு எங்கே இருக்கிறது என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேலூர் ஆசிரியர் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உன் மூன்று கணக்குகளிலும் பெருக்கல் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை, பெருக்கத் தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. பேருந்தையும் கல்லையும் சேர்த்துப் பார்ப்போம். ரயிலை வேறு யாராவது எழுதுவார்கள். அதற்கு வரைபடம் இருந்தால் நல்லது, எனக்கு இந்தக் கைப்பேசியில் வரையத் தெரியாது.

பேருந்துக் கணக்கில் நீ முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 15 வினாடிகளில் எவ்வளவு தொலைவு என்பதன்று. பேருந்து எப்போது நிற்கிறது என்பதே. முதல் சமன்பாட்டில் (இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × கா) இறுதித் திசைவேகத்தைச் சுழியாக வைத்தால் 0 = 20 − 2 × கா, ஆகவே கா = 10 வினாடி. அதற்குள் அது கடந்த தொலைவு 20 × 10 − 100 = 100 மீட்டர். மீதமுள்ள 5 வினாடிகள் பேருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. விடை 100 மீட்டர், அவ்வளவுதான்.

ஆனால் உன்னுடைய 75 எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. அதைத் தவறு என்று அடித்துவிட்டுப் போய்விடாதே. சமன்பாட்டுக்குள் நீ இட்டது, பிரேக் என்ற சொல்லை அன்று. −2 மீ/வி² என்ற எண்ணை மட்டும்தான். அந்த முடுக்கம் 15 வினாடிகளும் மாறாமல் இருந்தது என்று நீ சமன்பாட்டிடம் சொல்லிவிட்டாய். அது உன் சொல்லை அப்படியே நம்பி, பத்தாவது வினாடியில் 100 மீட்டரில் நின்ற பேருந்தை, அதே 2 மீ/வி² முடுக்கத்தில் பின்பக்கமாகக் கிளப்பி, அடுத்த 5 வினாடிகளில் ½ × 2 × 25 = 25 மீட்டர் பின்னோக்கி ஓட்டிவிட்டது. 100 − 25 = 75. கணக்கு துல்லியம்தான், அந்தப் பேருந்துதான் நம் ஊர்ச் சாலையில் ஓடாத பேருந்து.

இப்போது கல்லை எடுத்துக்கொள். மேல்நோக்கி எறிந்த கல்லும் பிரேக் பிடித்த பேருந்தைப் போலவே வேகம் குறைந்துகொண்டே போய், ஒரு கணம் நிற்கிறது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை, திரும்பி வருகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பேருந்தை நிறுத்துவது உராய்வு. உராய்வு, இயக்கத்துக்கு எதிராக மட்டுமே வேலை செய்யும். இயக்கம் நின்றதும் அதுவும் ஓய்ந்துவிடும். கல்லை நிறுத்துவது புவியீர்ப்பு. கல் ஏறினாலும், நின்றாலும், இறங்கினாலும் அது கீழ்நோக்கி இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் கல்லுக்கு ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று கணக்கைப் பிரிக்க வேண்டியதே இல்லை. ஒரே சமன்பாடு முழுப் பயணத்துக்கும் போதும். பேருந்துக்கு அப்படிப் போதாது. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பிரிக்க வேண்டிய பேருந்தைப் பிரிக்காமல் விட்டு, பிரிக்கத் தேவையில்லாத கல்லை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பக்கத்தை நிரப்புகிறார்கள்.

உன் கிணற்றுக் கணக்கில் தவறியது குறி. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்துக்கொண்டுதான் 10 என்றும் −5 × கா² என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் விளிம்புக்குக் கீழேயுள்ள தண்ணீரின் இடம் −15. அந்தச் சமன்பாட்டில் இருப்பது கல் கடந்த தொலைவு அன்று, இடப்பெயர்ச்சி. புறப்பட்ட இடத்திலிருந்து முடிந்த இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது மட்டுமே அதற்குத் தேவை. −15 = 10 × கா − 5 × கா² என்று எழுதினால் கா² − 2 × கா − 3 = 0. மூலங்கள் 3, −1. விடை 3 வினாடிகள். கல் உண்மையில் கடந்த தொலைவு 5 மீட்டர் ஏற்றம், 20 மீட்டர் இறக்கம், ஆக 25 மீட்டர். அந்த 25-ஐ இந்தச் சமன்பாடு எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனி.

நீ +15 என்று எழுதியபோது, விளிம்புக்கு மேலே 15 மீட்டர் உயரத்தைக் கல் எப்போது தொடும் என்று கேட்டுவிட்டாய். 10 மீ/வி வேகத்தில் எறிந்த கல் ஏறக்கூடிய உச்ச உயரமே 100 ÷ 20 = 5 மீட்டர்தான். ஆகவே ஒருபோதும் தொடாது. வர்க்கமூலத்துக்குள் வந்த குறை எண் உனக்குச் சொன்ன விடை அதுதான். அது கணக்கு முட்டிக்கொண்ட இடம் அன்று, நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

−1 என்ற மூலத்தையும் 'காலம் குறை எண்ணாக இருக்க முடியாது' என்று அடித்துவிடுவதுதான் வழக்கம். அடிப்பதற்கு முன் அதன் பொருளை ஒருமுறை பார். கல்லை நீ எறிவதற்கு 1 வினாடி முன்பு யாரோ தண்ணீர் மட்டத்திலிருந்து அதை 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்திருந்தால், அது சரியாக நீ எறியும் கணத்தில் விளிம்பை 10 மீ/வி வேகத்தில் கடந்து போயிருக்கும். 20 − 10 × 1 = 10; ஏறிய உயரம் 20 − 5 = 15. இரண்டும் பொருந்துகின்றன. கல் உன் கையிலிருந்து புறப்பட்டது என்ற செய்தி சமன்பாட்டுக்குத் தெரியாது. அது பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. பேருந்து நின்ற பிறகும் ஓட்டிக்கொண்டே போனதும் இதே குணத்தால்தான். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதைக் கணக்கு போடுகிறவர்தான் வேலிகட்டித் தர வேண்டும்.

நாகமலை அடிவாரம் எழுதியது:

ஐயா விட்டுவைத்த ரயிலை நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன்; பள்ளியில் நானும் இதே கணக்கில் இதே சராசரியைப் போட்டு மதிப்பெண் இழந்தவள்தான், ஆகவே தங்கை வருந்த வேண்டாம்.

முடுக்கங்களைச் சராசரி எடுக்கும்போது நாம் ஒரு புதிய ரயிலைக் கற்பனை செய்கிறோம். அந்த ரயில் 0.05 மீ/வி² முடுக்கத்தில் 424 வினாடிகளும் வேகம் கூடிக்கொண்டே போய், அடுத்த நிலையத்தை அடையும்போது 21.2 மீ/வி வேகத்தில், அதாவது மணிக்கு 76 கி.மீ.க்கு மேல், நிற்காமல் பாய்ந்துவிடும். நடைமேடையில் காத்திருப்பவர்களின் கதியை எண்ணிப் பார். விடையை எடுத்து இப்படிக் கதையோடு ஒட்டிப் பார்த்தாலே பாதித் தவறுகள் தாமாக வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கணக்குக்குத் திசைவேகம்–காலம் வரைபடம் போல வேறு மருந்து இல்லை. காலத்தைக் கிடைமட்டத்திலும் திசைவேகத்தைச் செங்குத்திலும் வை. ரயில் முதலில் சாய்வாக ஏறுகிறது, பிறகு மட்டமாக ஓடுகிறது, பிறகு சாய்வாக இறங்குகிறது. இந்த ஊர்ப் பக்கம் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படியோ அப்படி ஒரு சரிவகம் கிடைக்கும். கோட்டின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. இந்த இரண்டு செய்திகளிலிருந்தே மூன்று சமன்பாடுகளையும் வருவித்துவிடலாம் என்பதால், சமன்பாடு மறந்தாலும் வரைபடம் கைகொடுக்கும்.

ஏறும் பகுதிக்கு 20 ÷ 0.5 = 40 வினாடி. அதன் முக்கோணப் பரப்பு ½ × 40 × 20 = 400 மீட்டர். இறங்கும் பகுதிக்கு 20 ÷ 0.4 = 50 வினாடி, பரப்பு 500 மீட்டர். மொத்தம் 4500 மீட்டரில் மீதி 3600 மீட்டரை 20 மீ/வி வேகத்தில் கடக்க 180 வினாடி. 40 + 180 + 50 = 270. முடுக்கம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் வரைபடத்தின் கோடு உடைகிறது. கோடு உடையும் இடத்தில் கணக்கும் உடைய வேண்டும். முதல் பகுதியின் இறுதித் திசைவேகமே அடுத்த பகுதியின் தொடக்கத் திசைவேகம் என்பது மட்டும் இரண்டையும் கோக்கும் நூல்.

சிம்மக்கல் டியூஷன் எழுதியது:

மேலே எழுதியிருப்பவை எல்லாம் அழகாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய மாணவிக்கு, கல் எறிவதற்கு ஒரு வினாடி முன்பு யார் எறிந்தார்கள் என்று ஆராய நேரமிருக்காது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் தேர்வு அது. ஆகவே சில குறுக்கு வழிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. பிரேக் கணக்கென்றால் நிற்கும் தொலைவு = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்); 400 ÷ 4 = 100, முடிந்தது. ஓய்விலிருந்து புறப்பட்ட பொருளென்றால் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் வினாடிகளில் கடக்கும் தொலைவுகள் 1 : 3 : 5 : 7 என்ற விகிதத்தில் அமையும். உச்சியிலிருந்து விழும் கல்லானாலும் சரி, புறப்படும் ரயிலானாலும் சரி, முடுக்கம் சீராக இருந்தால் விகிதம் மாறாது. இந்த இரண்டையும் வைத்தே ஐந்தாறு வகைக் கேள்விகளைக் கால் நிமிடத்தில் முடிக்கலாம்.

மேலூர் ஆசிரியர் எழுதியது:

குறுக்கு வழிக்கு நான் எதிரி அல்லன்; எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத குறுக்கு வழிக்குத்தான் எதிரி. அவர் சொன்ன நிற்கும் தொலைவு வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதே பேருந்துக் கணக்கில் 15 வினாடிகளுக்குப் பதிலாக 6 வினாடிகள் என்று கேட்டிருந்தால், வாய்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்ட மாணவர் அப்போதும் 100 என்றே எழுதுவார். சரியான விடை 120 − 36 = 84 மீட்டர். நிற்கும் நேரம் 10 வினாடி என்று முதலில் பார்த்தவருக்கு மட்டும்தான் 6 அதற்கு உள்ளே, 15 அதற்கு வெளியே என்பது தெரியும். அந்த ஒரு வரியை எழுத ஐந்து வினாடிகூட ஆகாது.

ஆனால் 1 : 3 : 5 : 7 என்று அவர் நினைவூட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிக் கண்டு, 1638-இல் அச்சான தம் நூலில் எழுதிய உண்மை அது. நிறுத்துக் கடிகாரம் இல்லாத காலம். பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடைபோட்டுத்தான் நேரத்தை அளந்தார். நேராக விழும் பொருள் மிக விரைவாக விழுந்துவிடுவதால், சாய்தளத்தில் உருட்டி முடுக்கத்தைக் குறைத்துக்கொண்டார்.

இந்த ஒற்றைப்படை எண்களை நம் பேருந்துக்கும் பயன்படுத்தலாம். பிரேக் பிடித்து நின்ற பேருந்தைக் காணொளியாக எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், அது ஓய்விலிருந்து 2 மீ/வி² முடுக்கத்தில் புறப்படும் பேருந்தாகத் தெரியும். முதல் வினாடியில் 1 மீட்டர், அடுத்ததில் 3, அதற்கடுத்ததில் 5. ஆகவே உண்மையான பேருந்து தன் கடைசி வினாடியில் 1 மீட்டரும், அதற்கு முந்தைய வினாடியில் 3 மீட்டரும், பிரேக் பிடித்த முதல் வினாடியில் 19 மீட்டரும் கடந்திருக்கும். 1 முதல் 19 வரையுள்ள ஒற்றைப்படை எண்களைக் கூட்டிப் பார்த்தால் 100. 'கடைசி வினாடியில் கடந்த தொலைவு என்ன' என்று கேட்கும் கணக்குகள் பல, இப்படித் திருப்பிப் பார்த்தால் வாய்க்கணக்காகிவிடும்.

ஆரப்பாளையம் ஓட்டுநர் எழுதியது:

வணக்கம். என் மகனுக்காக இந்தப் பக்கத்தைப் படித்தேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேருந்து ஓட்டுகிறேன், சமன்பாடு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பிரேக் பழக்கம் என்பதால் இரண்டு வார்த்தைகள் சொல்லலாம் என்று தோன்றியது.

பாப்பாவின் கணக்கில் வருவது போல 2 என்ற அளவு மாறாமல் இருந்து, கடைசியில் சட்டென்று நின்றால், நின்றுகொண்டிருக்கும் பயணிகள் அனைவரும் ஒரு குலுங்கு குலுங்குவார்கள். நாங்கள் நிற்கப் போகும் கடைசிக் கணத்தில் மிதியை மெல்லத் தளர்த்திவிடுவோம். ஆகவே உண்மையில் எதிர்முடுக்கம் முடிவில் குறைந்துதான் சுழியாகிறது. அடுத்தது, காற்று பிரேக்கில் காலை வைத்தவுடன் முழு வலுவும் வந்துவிடாது. சிறு தாமதம் உண்டு. அதற்கும் முன்னால் குறுக்கே ஆடு வருவதைக் கண் பார்த்து, கால் மிதியைத் தொடுவதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி போய்விடும். என் மகன் கணக்கிட்டுச் சொன்னான், 72-இல் வரும்போது அந்த ஒரு வினாடிக்குள் வண்டி 20 மீட்டர் போய்விடுமாம்.

நாகமலை அடிவாரம் எழுதியது:

அண்ணன் சொன்ன அந்த ஒரு வினாடி, பல பயிற்சி நூல்களில் எதிர்வினை நேரம் என்று தனிக் கணக்காகவே வருவது. அதிலும் முடுக்கம் மாறும் இடத்தில் கணக்கைப் பிரிப்பதுதான் வேலை. முதல் வினாடியில் முடுக்கம் சுழி, 20 மீட்டர், பிறகு எதிர்முடுக்கம் 2, 100 மீட்டர், மொத்தம் 120. இதே பேருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்தால் 10 + 25 = 35 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் எதிர்வினைப் பகுதி பாதியாகிறது, பிரேக் பகுதி கால் பங்காகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை என்பதைத் தங்கை கவனித்துக்கொண்டால் 'வேகம் இரு மடங்கானால்' என்று தொடங்கும் கேள்விகளில் சறுக்காது.

உசிலம்பட்டி மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணன்கள் அனைவருக்கும் நன்றி. மூன்று கணக்குகளையும் குறிப்பேட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன். தாத்தாவின் கிணற்றிலும் கல்லை எறியாமல், சும்மா நழுவவிட்டு, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். 1.8 வினாடி வந்தது. 5 × 3.24 = 16.2 மீட்டர். ஆனால் கயிறு விட்டு அளந்தால் 15 மீட்டர்தான் இருக்கிறது. தண்ணீரின் சத்தம் மேலே வந்துசேரும் நேரம்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா? புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுக்காமல் 10 என்று எடுத்ததாலா?

இன்னொன்று. நேற்று நானே ஒரு கணக்கு உருவாக்கினேன். மாட்டுத்தாவணியில் பேருந்து 1 மீ/வி² முடுக்கத்தில் புறப்படுகிறது. அந்தக் கணத்தில் பேருந்தின் படிக்கட்டுக்கு 16 மீட்டர் பின்னால் ஒருவர் 6 மீ/வி என்ற சீரான வேகத்தில் ஓடி வருகிறார். எப்போது பிடிப்பார்? 6 × கா = 16 + ½ × கா² என்று எழுதினேன். கா² − 12 × கா + 32 = 0. மூலங்கள் 4, 8. இரண்டுமே நேர்க்குறியாக இருக்கின்றன. ஐயா சொன்னபடி வேலிகட்டப் பார்த்தால் இரண்டும் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. எதை விடுவது?

மேலூர் ஆசிரியர் எழுதியது:

கிணற்றை முதலில் முடித்துவிடுவோம். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 15 மீட்டர் ஏறிவர 0.04 வினாடிதான் ஆகும். ஈர்ப்பு முடுக்கத்தின் செந்தர மதிப்பு 9.80665, நிலநடுக்கோட்டுக்குப் பத்துப் பாகை வடக்கே இருக்கும் மதுரைப் பகுதியில் அது 9.78 அளவில் சற்றுக் குறைவாகவே இருக்கும். உன் 1.8 வினாடிக்கு அந்த மதிப்பைப் போட்டால் 15.8 மீட்டர் வருகிறது. ஒலி வரும் நேரத்தையும் கழித்து 1.76 வினாடி என்று போட்டால் 15.1 மீட்டர். ஆக இரண்டு காரணங்களும் உண்மை, இரண்டும் சேர்ந்து வேறுபாட்டை ஏறத்தாழ முழுவதும் விளக்கிவிடுகின்றன; ஆனால் உன் கட்டைவிரலையும் முழுதாக நம்பிவிடாதே. தண்ணீரைத் தொடும்போது கல்லின் வேகம் 17 மீ/வி. பொத்தானை அழுத்துவதில் பத்தில் ஒரு பங்கு வினாடி பிசகினாலே 1.7 மீட்டர் பிசகிவிடும். பத்து முறை விட்டுப் பார்த்துச் சராசரி எடு. யாராவது பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்.

உன் பேருந்துக் கணக்கு நன்றாக இருக்கிறது. எதையும் விட வேண்டாம், இரண்டும் நிகழ்பவை. 4-ஆவது வினாடியில் பேருந்தின் வேகம் 4, ஓடுபவரின் வேகம் 6. அவர் படிக்கட்டை எட்டிவிடுகிறார். அப்போது ஏறாமல், ஏதோ நினைவில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால், அவர் பேருந்தைத் தாண்டிப் போவார்; வேகம் கூடிக்கொண்டே வரும் பேருந்து 8-ஆவது வினாடியில் அவரைப் பிடிக்கும். அப்போது பேருந்தின் வேகம் 8. ஆக உன் கேள்வி 'முதலில் எப்போது பிடிப்பார்' என்றால் 4. 'எப்போதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பார்கள்' என்றால் இரண்டும்.

இதைப் பேருந்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் பயணியின் கண்ணாலும் போடலாம். அவருக்கு, பின்னால் வருபவர் 6 மீ/வி வேகத்தில் நெருங்குகிறார். அந்த நெருங்கும் வேகம் வினாடிக்கு 1 மீ/வி வீதம் குறைகிறது. நீ தொடக்கத்தில் கேட்ட பிரேக் கணக்கேதான் இது, ஆனால் இங்கே முடுக்கம் நின்றுவிடுவதில்லை என்பதால் அவர் கல்லைப் போலத் திரும்பியும் வருவார். 36 ÷ 2 = 18 மீட்டர் வரை நெருங்க முடியும்; இருப்பது 16 மீட்டர்; ஆகவே பிடித்துவிடுகிறார். இடைவெளி 18 மீட்டருக்கு மேல் இருந்தால் பிடிக்கவே முடியாது.

உசிலம்பட்டி மாணவி எழுதியது:

ஐயா, ஓடுபவரின் வேகத்தை 5 மீ/வி என்று மாற்றிப் பார்த்தேன். கா² − 10 × கா + 32 = 0 வந்தது; 100 − 128 என்று வர்க்கமூலத்துக்குள் −28 நின்றது. இந்த முறை அழித்துவிட்டு மறுபடி போடவில்லை. அவரால் 25 ÷ 2 = 12.5 மீட்டர்தான் நெருங்க முடியும். 5-ஆவது வினாடியில் இருவரும் ஒரே வேகத்தில் இருக்கும்போது, படிக்கட்டுக்கும் அவருக்கும் இடையில் 3.5 மீட்டர் இருக்கும். அதன் பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். அவர் அடுத்த பேருந்தில்தான் வர வேண்டும்.